14 அடி ஃபைபர் படகு: பிரிந்த அடித்தோலைத் திறந்து, காயவைத்து, திரும்ப ஒட்டிய கணக்கு

கிருஷ்ணகிரி அணையில் வலை போடுவதற்கு ஓடுகிற 14 அடி ஃபைபர் படகு. அடிப்பாகத்தில், பின்பக்கமாக, மிதித்தால் உள்ளே அமுங்கி மேலே வந்தது. காவேரிப்பட்டணத்தில் ஒரு கொட்டகையில் கவிழ்த்துப் போட்டு, ஏப்ரல் கடைசியில் தொடங்கிய வேலை மே மூன்றாம் வாரத்தில் முடிந்தது. மூன்று மாதம் ஓடிய பிறகு கரையேற்றி மறுபடி தட்டிப் பார்த்தாயிற்று. ஒட்டு நிற்கிறது. அதனால் அளவுகளோடு எழுதி வைக்கிறேன்.

படகின் அடி ஒற்றைத் தோல் கிடையாது. வெளியே மூன்றரை மி.மீ. ஃபைபர், நடுவில் 12 மி.மீ. பிவிசி ஃபோம், உள்ளே 2 மி.மீ. ஃபைபர் என்று மூன்று அடுக்கு. ஒகேனக்கல் பரிசலில் படுதா கிழிந்தால் ஒட்டுப்போட்டுத் தார் பூசி அன்றைக்கே ஆற்றில் இறக்கலாம். அந்தக் கணக்கு இங்கே செல்லாது. மூன்று அடுக்கும் ஒன்றாக ஒட்டியிருக்கிற வரைக்கும்தான் பலம். நடுவில் ஒட்டு விட்டுப்போனால் மூன்றரை மி.மீ. தோல் தனியாகத் துடிக்கும். துடிக்கத் துடிக்கப் பிரிவு பெரிதாகும்.

தட்டிப் பார்த்தது

முதல் கருவி ஐந்து ரூபாய் நாணயம். நல்ல இடத்தில் தட்டினால் ‘டக்’ என்று கெட்டியாகக் கேட்கும். பிரிந்த இடத்தில் ‘டொப்’ என்று தகர டப்பா சத்தம். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி 2 செ.மீ. இடைவெளியில் தட்டிக்கொண்டே போய், சத்தம் மாறுகிற இடத்தில் மார்க்கரால் புள்ளி வைத்துப் பிறகு புள்ளிகளைச் சேர்த்தோம். கிடைத்த உருவம் 98 செ.மீ. நீளம், 54 செ.மீ. அகலம். காலையில் குளிர்ச்சியில் தட்டுவது நல்லது. வெயில் ஏறியபின் தோல் இளகிச் சத்தம் மழுங்கிவிடும்.

உருவத்தின் ஒரு முனை, அடியில் நடுவாகத் திருகியிருந்த அலுமினியப் பட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கரையில் பாறைமேல் இழுக்கும்போது அடி தேயாமல் இருக்கப் போட்ட பட்டை அது. மொத்தம் 11 திருகு. அதில் 4 திருகைக் கழற்றியதும் பழுப்புத் தண்ணீர் கசிந்தது, புளித்த வாடையோடு. தண்ணீர் போன வழி அங்கேயே தெரிந்துவிட்டது. திருகு ஒவ்வொன்றும் நேராக ஃபோமுக்குள் இறங்கியிருந்தது. சுற்றிலும் கெட்டியான பட்டி (தூள் கலந்த ரெசின் பசை) எதுவும் வைக்கவில்லை.

ஊசி போட்டது தவறு

“ஊசி போட்டே முடிச்சிடலாங்களே, வெட்டணுமா?” என்று படகுக்காரர் கேட்டார். செலவு குறையும் என்று அதைத்தான் முதலில் செய்தோம். 10 செ.மீ.க்கு ஒன்றாக 6 மி.மீ. ஓட்டை 45 போட்டு, 60 மி.லி. ஊசிக்குழாயால் எபாக்ஸி ரெசின் (இறுகி ஒட்டுகிற பிசின்) ஏற்றினோம். மொத்தம் 1.1 கிலோ இறங்கியது. ஒரு ஓட்டையில் அழுத்தினால் பக்கத்து ஓட்டையில் ரெசின் வருவதற்கு முன்பு தண்ணீர் வந்தது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். ஈரத்தின்மேல் எபாக்ஸி கெட்டியாகும், ஆனால் ஒட்டாது.

மறுநாள் தட்டினால் ஓரங்கள் கெட்டி, நடுவில் அதே ‘டொப்’. பிறகு திறந்தபோது பார்த்தோம்: பள்ளமான இடங்களில் ரெசின் தேங்கிக் கண்ணாடித் துண்டு மாதிரி தனியாகக் கிடந்தது, விரலால் எடுத்தால் வந்துவிடுகிறது. அதன் அடியில் ஃபோமின் மேற்பரப்பு தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. உதிர்கிற பரப்பில் எந்தப் பசையும் நிற்காது. ஊசி போடுவது காய்ந்த இடத்துக்கு, உள்ளங்கை அளவுக்கு மேல் போகாத பிரிவுக்கு மட்டும் சரி.

வெட்டுவதற்கு முன் முட்டுக் கொடுப்பது

வெளித்தோலை எடுத்துவிட்டால் மீதி 2 மி.மீ. உள்தோல் மட்டும்தான். அது தன் எடைக்கே தொங்கும். தொங்கின உருவத்தில் ஒட்டினால் படகின் அடி அப்படியே நின்றுவிடும். அதனால் வெட்டுவதற்கு முன்பே, படகுக்குள் அட்டையை வைத்து வளைவைக் கீறி, அதே வளைவில் 12 மி.மீ. பிளைவுட்டில் ஐந்து விலா வெட்டி, 18 செ.மீ. இடைவெளியில் நிறுத்தி, தரையிலிருந்து சவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுத்தோம். விலாவுக்கும் தோலுக்கும் நடுவில் பழைய கோரைப்பாயை மடித்து வைத்தது நன்றாக உதவியது. படகின் இரண்டு முனைகளும் மாம்பழ கிரேட்டுகளின் மேல். காலி கிரேட்டைக் கவிழ்த்து இரண்டிரண்டாக அடுக்கினால் ஆடாமல் நிற்கிறது, வேலை செய்யும் உயரமும் சரியாக இருக்கிறது.

அடியின் வளைவையும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். நேர்க்கட்டையைக் குறுக்கே வைத்துப் பார்த்தால் 64 செ.மீ. அகலத்தில் 11 மி.மீ. வளைவு. இந்த 11 மி.மீ. பின்னால் ஒரு வேலையைக் கெடுக்கப் பார்த்தது.

திறப்பது

தோலின் கனத்தை ஊசி ஓட்டைகளில் வளைத்த கம்பியை விட்டு அளந்தோம். நாலு அங்குல கிரைண்டரில் டைமண்ட் பிளேடு போட்டு, பிரிவுக் கோட்டுக்கு வெளியே 5 செ.மீ. தள்ளி வெட்டு. தட்டினால் கெட்டியாகக் கேட்கிற இடம் வரை போய்த்தான் வெட்ட வேண்டும். வெட்டின அளவு 108 × 64 செ.மீ. மூலைகளைச் சதுரமாக விடக் கூடாது. 5 செ.மீ. ஆரத்துக்கு உருட்டினோம். சதுர மூலையில்தான் பிறகு விரிசல் பிறக்கும்.

ஆழம் தெரிவது தூசியின் நிறத்தில். ஃபைபர் அறுபடும்போது வெள்ளைத் தூசி பறக்கும். பிளேடு ஃபோமைத் தொட்ட கணமே தூசி இளமஞ்சளாக மாறும். மஞ்சள் தெரிந்தால் கையை மேலே தூக்க வேண்டும். கண்ணாடி, என்95 முகமூடி, முழுக்கைச் சட்டை மூன்றும் இல்லாமல் இந்தக் கட்டத்தில் நிற்கவே கூடாது. உடம்பில் கண்ணாடி இழை குத்தினால் முதலில் பச்சைத் தண்ணீரில் கழுவ வேண்டும். வெந்நீர் ஊற்றினால் அரிப்பு கூடும்.

நடுவில் தோல் ஒரே தகடாகக் கையோடு வந்தது. ஓரம் 5 செ.மீ. மட்டும் அகல உளி வைத்துத் தட்ட வேண்டியிருந்தது. அந்த ஓரத்துத் தோலின் உள்பக்கம் ஃபோம் பிய்ந்து ஒட்டிக்கொண்டு வந்தது. நல்ல ஒட்டுக்கு அடையாளம் அதுதான். நடுத்தோலின் உள்பக்கம் பளபளவென்று சுத்தமாக இருந்தது. அங்கே ஆரம்பத்திலேயே ரெசின் ஃபோமுக்குள் பிடிக்கவே இல்லை. வேலையின்போது வெளிவந்த தண்ணீர் மொத்தம் ஒன்றரை லிட்டர் இருக்கும்.

திருகு ஓட்டை ஒரு முனையில். தண்ணீர் போய்ச் சேர்ந்தது மறு முனையில். பிவிசி ஃபோமின் அறைகள் மூடியவை, உள்ளே தண்ணீர் உறிஞ்சாது. ஆனால் இந்தப் படகில் போட்டது வளைவுக்காகக் கட்டம் கட்டமாகக் கீறிய ஃபோம். 3 செ.மீ.க்கு ஒரு கீறல். அந்தக் கீறல்களில் ரெசினை நிரப்பாமலே தோலை ஒட்டிவிட்டால் அத்தனையும் வாய்க்கால்தான். ஒரு வாய்க்காலில் இறங்கிய தண்ணீர் எல்லா வாய்க்காலிலும் பாயும். 10 × 10 செ.மீ. துண்டு ஒன்றை வெட்டி எடை போட்டோம்: 17 கிராம். கன மீட்டருக்கு 80 கிலோ அடர்த்தி உள்ள ஃபோமில் அதே அளவுக்குக் காய்ந்த எடை 9.6 கிராம்தான் வரும். மிச்சம் 7 கிராமுக்கு மேல் தண்ணீர்.

இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. அடி அடர் நீல நிறம். கோடையில் கரையில் கவிழ்த்துப் போட்டே வைத்திருந்தார்கள். நம் ஊர் மே மாத வெயிலில் அடர் நிறத் தோல் தொட முடியாத சூடு ஏறும். பிவிசி ஃபோம் 70 டிகிரியை ஒட்டியே இளக ஆரம்பிக்கும். இளகி ஆறி, இளகி ஆறி, இருக்கிற ஒட்டும் களைத்துப்போகும். ஃபோம் வைத்த படகுக்கு வெள்ளை அல்லது வெளிர் நிறம் போடுவது அழகுக்காக இல்லை.

மாவாக உதிர்ந்த ஃபோமை உள்தோல் வரைக்கும் எடுத்தோம். அது 75 × 40 செ.மீ. சுற்றியிருந்த மீதி ஃபோம் நகத்தால் அழுத்தினால் குழி விழாமல் கெட்டியாக இருந்ததால், மேலே எமரியால் தேய்த்துவிட்டு அப்படியே வைத்துக்கொண்டோம்.

காயவைப்பது: ஒன்பது நாள்

இந்த வேலையில் அவசரப்பட்டால் மற்ற எல்லாம் வீண். முதலில் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிப் புளித்த கழிவை வெளியேற்றினோம். பிறகு பகலில் கொட்டகைக்கு வெளியே வெயில், மதியம் 12 முதல் 3 வரை மட்டும் மேலே வெள்ளைத் துணி. இரவில் 500 வாட் ஹாலஜன் விளக்கு ஒன்றை ஒரு மீட்டர் தள்ளி வைத்து மேசை விசிறி ஓடவிட்டோம். விளக்கை இதைவிடக் கிட்டே கொண்டுபோனால் ஃபோம் சுருங்கும்.

காய்ந்ததா என்று கையால் தொட்டு முடிவு பண்ணக் கூடாது. சாயங்காலம் கண்ணாடி பாலிதீன் துண்டு ஒன்றை ஃபோமின் மேல் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட வேண்டும். காலையில் உள்பக்கம் பனி மாதிரி படிந்திருந்தால் ஈரம் இருக்கிறது. ஆறாம் நாள் காலையிலும் மெல்லிய பனி இருந்தது. ஒன்பதாம் நாள்தான் பாலிதீன் துளியும் மங்கவில்லை. ஓரத்து ஃபோமில் கீறல்களைக் கூர்க் கத்தியால் விரித்துவிட்டது காய்வதை விரைவாக்கியது. முதல் நாளே செய்திருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

கடற்கரைப் படகுப் பட்டறைகளோடு ஒப்பிட்டால் ஏப்ரல், மே மாதத்தில் நம் பக்கத்துக் காற்றில் ஈரம் குறைவு. அதே வேலையை அக்டோபர் மழையில் தொடங்கியிருந்தால் ஒன்பது நாளில் முடிந்திருக்காது.

சாய்வு இழைப்பது

பழைய தோலின் ஓரத்தைச் செங்குத்தாக விட்டு அதன்மேல் புதுத்துணி போட்டால் ஒட்டு ஒரு கோட்டில்தான் நிற்கும். ஓரத்தைச் சரிவாக இழைக்க வேண்டும். கனத்தைப் போல 12 மடங்கு என்றால் மூன்றரை மி.மீ.க்கு 42 மி.மீ. நாங்கள் 60 மி.மீ. இழைத்தோம். 40 நம்பர் ஃபிளாப் டிஸ்க் போதும். சரிவு ஒழுங்காக வருகிறதா என்பது தோலுக்குள் இருக்கிற ‘மேட்’ (கண்ணாடி இழைப் பாய்) அடுக்குகளில் தெரியும். வெட்டிய மரத்தில் வளையம் தெரிவதுபோல ஒவ்வொரு மேட் அடுக்கும் ஒரு கோடாகத் தெரியும். கோடுகளுக்கு நடுவில் இடைவெளி சீராக இருந்தால் சரிவும் சீர்.

உள்தோலையும் 60 நம்பர் எமரியால் பளபளப்புப் போகும்வரை தேய்த்து, அசிட்டோனால் துடைப்பு. துடைக்கும்போது இரண்டு துணி வேண்டும். நனைத்த துணியால் ஒரு இழுப்பு, அது காய்வதற்குள் காய்ந்த துணியால் ஒரு இழுப்பு. ஒரே துணியால் சுற்றிச் சுற்றித் தேய்த்தால் அழுக்கைப் பரப்புகிறோம்.

எந்த ரெசின்

படகைப் புதிதாக வார்க்க பாலியெஸ்டர் ரெசின் போதும். கெட்டியாகிப்போன பழைய ஃபைபரின்மேல் புதிதாக ஒட்டுவதற்கு எபாக்ஸியின் பிடி கூடுதல். அதனால் எல்ஒய் 556 ரெசின், அதை இறுக வைக்கிற எச்ஒய் 951 ஹார்டனர். எடையில் 100-க்கு 10. ஓசூரில் கிடைத்தது. 0.1 கிராம் காட்டுகிற சின்னத் தராசு இல்லாமல் இதைக் கலக்கக் கூடாது. மூடிக் கணக்கிலும் கண் அளவிலும் ஊற்றினால் ஒரு இடத்தில் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும், சுரண்டி எடுப்பதைத் தவிர வழி கிடையாது. ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்பது பாலியெஸ்டர் பழக்கம். எபாக்ஸியில் அது பலத்தைக் குறைக்கும்.

பாலியெஸ்டரில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதை இறுக வைக்கச் சேர்க்கிற கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்க்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் முழுக்கக் கலக்கிவிட்டுத்தான் கேட்டலிஸ்ட். அதேபோல தெர்மாகோல் வகை ஃபோம் வைத்த படகில் பாலியெஸ்டரைத் தடவினால் அதிலுள்ள ஸ்டைரீன் என்ற திரவம் ஃபோமைக் கரைத்துக் குழியாக்கிவிடும். எந்த ஃபோம் என்று தெரியாவிட்டால் ஒரு துண்டை வெட்டிக் கொஞ்சம் ரெசினில் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

இந்த எபாக்ஸி தேன்போலக் கெட்டியானது. துணிக்குள் இறங்க மறுக்கும். அசிட்டோன் விட்டு இளக்கினால் அசிட்டோன் உள்ளேயே மாட்டிக்கொண்டு பலம் போய்விடும். ரெசின் டப்பாவை மட்டும் வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து 35 டிகிரிக்கு இளஞ்சூடாக்கினால் நன்றாக ஓடும். ஆனால் சூட்டில் இறுகும் நேரமும் குறையும். மதியம் 38 டிகிரியில் 200 கிராம் ஒரே கப்பில் கலந்தது 12 நிமிடத்தில் புகைந்து கல்லாகிவிட்டது. அதன்பிறகு எல்லாக் கலவையும் காலை ஐந்தரை முதல் எட்டரைக்குள், ஒரு முறைக்கு 100 கிராம். கலந்த உடனே அகலமான தட்டில் ஊற்றிவிட வேண்டும். கப்பிலேயே வைத்திருந்தால் தன் சூட்டிலேயே வேகும். நைட்ரைல் கையுறை கட்டாயம். இந்த ஹார்டனர் கையில் பட்டால் தோல் வெந்து தடிக்கும்.

ஃபோமைப் பதிப்பது

புது ஃபோம் 12 மி.மீ., 80 அடர்த்தி, கீறல் இல்லாத வெறும் பலகை. வளைவு குறைவு என்பதால் கீறல் தேவைப்படவில்லை. 75 × 40 அளவுக்குச் சுற்றிலும் 2 மி.மீ. குறைத்து வெட்டி, 5 செ.மீ.க்கு ஒன்றாக 3 மி.மீ. ஓட்டை போட்டோம், காற்று வெளியேற.

முதலில் உள்தோலுக்கும் ஃபோமுக்கும் வெறும் ரெசின் ஒரு பூச்சு. ஃபோமின் மேற்பரப்பில் வெட்டுப்பட்டுத் திறந்த அறைகள் அதைக் குடிக்கும். குடிக்கவிடாமல் நேராகப் பட்டியை வைத்தால் பட்டியிலிருக்கிற ரெசினை ஃபோம் உறிஞ்சிக்கொண்டு ஒட்டு வறண்டுவிடும். முதலில் தோல் பிரிந்ததற்கே இந்த வறட்சியும் ஒரு காரணம். பத்து நிமிடம் கழித்துப் பட்டி: ரெசினோடு சிலிக்கா தூளும் மைக்ரோபலூன் தூளும் (உள்ளே வெற்றான நுண்மணிகள்) சரிபாதி கனஅளவில், கேழ்வரகுக் களி பதத்துக்கு. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் வழியக் கூடாது, விரலால் இழுத்தால் முனை நிமிர்ந்து நிற்க வேண்டும். கூழாக இருந்தால் வளைவில் ஓடிவிடும். 5 மி.மீ. பல் உள்ள டைல்ஸ் கரண்டியால் சால் பிடித்தாற்போல இழுத்துவிட்டு, பலகையை ஒரு ஓரத்திலிருந்து இறக்கி அழுத்த வேண்டும். ஒவ்வொரு ஓட்டையிலும் பட்டி இடியாப்பம் மாதிரி எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்க்காத ஓட்டைக்கு அடியில் காற்று இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்த தவறு இங்கே. எடை வைக்க கிரானைட் துண்டுகள் கைவசம் இருந்தன. இந்த மாவட்டத்தில் பாலிஷ் பட்டறை வாசலில் கழிவுத் துண்டுக்குப் பஞ்சமில்லை. 18 மி.மீ. கனக் கிரானைட் சதுர மீட்டருக்கு 49 கிலோ வரும் என்பதால் இரண்டடுக்கு வைத்தோம். கல் சமதளம், படகின் அடி வளைவு. கல் நடு முதுகில் உட்கார்ந்துகொண்டு ஓரத்தில் 4 மி.மீ. சந்து விட்டது. ஓரத்து ஃபோம் அந்தச் சந்துக்குள் மெல்ல எழும்பியது. இருபது நிமிடத்தில் கண்ணில் பட்டதால் தப்பியது. கற்களை எடுத்துவிட்டு, அரிசிப் பைகளில் எம்-சாண்ட் அரைப்பைக்கு நிரப்பி 5 கிலோ வீதம் 18 பை அடுக்கினோம். அரைப்பைதான் வளைவோடு படியும். நிறைய நிரப்பினால் அதுவும் கல்தான். அடியில் பாலிதீன் விரிக்க மறக்கக் கூடாது.

மறுநாள் தட்டினோம். ஒரு மூலையில் மட்டும் 8 செ.மீ. அளவுக்கு ‘டொப்’. காய்ந்த, சுத்தமான இடம் என்பதால் அங்கே ஊசி செல்லும். 3 மி.மீ. ஓட்டை இரண்டு, ஒன்றில் 20 மி.லி. ஏற்றும்போது மற்றொன்றில் குமிழி இல்லாமல் ரெசின் வந்தது. அது கெட்டியாகிவிட்டது.

துணி போடுவது

கையில் சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் மிச்சம் இருந்தது. நல்லவேளை, முதலில் ஓர் அட்டையில் வைத்து எபாக்ஸி தடவிப் பார்த்தோம். மேட்டின் இழைகளைப் பிடித்து வைத்திருக்கிற பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்ஸியில் கரையாது. பத்து நிமிடம் ஆன பிறகும் மேட் அப்பளம் போல விறைத்து நின்றது. நடுவில் இழைகள் வெள்ளையாகவே இருந்தன. அதனால் சதுர மீட்டருக்கு 600 கிராம் எடையுள்ள பையாக்ஸியல் துணி (இரண்டு திசையில் இழை ஓடும் கண்ணாடித் துணி) 3 மீட்டர் பெங்களூரிலிருந்து பஸ் பார்சலில் வரவழைத்தோம். மூன்று நாள் போனது.

நாலு அடுக்கு. முதல் துண்டு 120 × 76 செ.மீ., ஒவ்வொரு அடுக்குக்கும் எல்லாப் பக்கத்திலும் ஒன்றரை செ.மீ. குறைத்து, கடைசித் துண்டு 111 × 67. பெரிய துண்டை முதலில் போட்டோம். அப்போதுதான் முதல் அடுக்கு சரிவு முழுவதையும் தொட்டு நிற்கும், மேலே தேய்க்கும்போது ஒட்டுக்கோடு தேயாது. சின்னதை முதலில் போடுகிறவர்களும் உண்டு. சுத்தமாகச் செய்தால் இரண்டும் நிற்கும், தேய்ப்பதில் கை கனத்தவர்களுக்கு முதல் முறை பாதுகாப்பு. துணி எடைக்குச் சமமாக ரெசின் என்று கணக்குப் போட்டு 2 கிலோ கரைந்தது. இரும்பு வரி ரோலரால் நடுவிலிருந்து ஓரத்துக்கு. துணி கண்ணாடிபோலத் தெளிந்தால் போதும். மேலே ரெசின் குளமாக நின்றால் அது பலமில்லை, வெறும் எடை. நாலு அடுக்கும் ஒரே காலையில் முடிந்தது, மொத்தக் கனம் 3 மி.மீ.

24 மணி நேரம் கழித்துக் கருப்புப் பாலிதீனை மூடி வெயிலில் ஐந்து மணி நேரம் சூடேற்றினோம். உள்ளே வெப்பமானி வைத்து 55 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டோம். தாண்டினால் ஃபோம் இளகும். சூடேற்றாத எபாக்ஸி கெட்டியாகத் தெரிந்தாலும் முழு பலத்துக்கு வர நாள் பிடிக்கும்.

மேல்பரப்பில் மெழுகு மாதிரி ஒரு படலம் நிற்கும். தேய்ப்பதற்கு முன்பு சாதாரணத் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் வைத்துக் கழுவிவிட வேண்டும். முதலில் எமரி போட்டால் அந்தப் படலம் பரப்பெங்கும் ஏறி, பெயின்ட் பிடிக்காது.

மீதி வேலை வழக்கமானது. மைக்ரோபலூன் பட்டி இழுத்து, 60 செ.மீ. கட்டையில் 80 நம்பர் எமரி ஒட்டிக் குறுக்காகத் தேய்த்து, எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட், வெள்ளை டூ-பேக் பாலியூரித்தேன் இரண்டு கோட். எபாக்ஸியின்மேல் ஜெல்கோட் (பாலியெஸ்டர் மேல்பூச்சு) போடக் கூடாது, சரியாகப் பிடிக்காது, பல நேரம் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும்.

திருகு ஓட்டைகள்

நோய் ஆரம்பித்த இடம் இது என்பதால் 11 ஓட்டையையும் செய்தோம், கசிந்த நாலை மட்டும் இல்லை. ஒவ்வொன்றையும் வெளித்தோலில் 10 மி.மீ.க்குப் பெரிதாக்கி, வளைத்த ஆணியை டிரில்லில் மாட்டி உள்ளே சுழற்றினால் தோலுக்கு அடியில் ஃபோம் மட்டும் சுற்றிலும் ஒரு செ.மீ. அரிபடும். தூளை உறிஞ்சி எடுத்து, வெறும் ரெசினால் நனைத்து, சிலிக்கா மட்டும் கலந்த கெட்டிப் பட்டியை ஊசிக்குழாயால் அடியிலிருந்து நிரப்பினோம். இறுகியபின் நடுவில் 4 மி.மீ. ஓட்டை. இப்போது திருகு பட்டிக்குள் நிற்கிறது, ஃபோமைத் தொடவே இல்லை. திருகின் கழுத்தில் பாலியூரித்தேன் சீலன்ட். ஒரு ஓட்டைக்குப் பத்து நிமிடம்தான் ஆகிறது. படகு கட்டும்போதே இதைச் செய்திருந்தால் மேலே சொன்ன எதுவும் தேவைப்பட்டிருக்காது.

செலவு

எபாக்ஸி 4 கிலோ ஹார்டனரோடு 3,700 ரூபாய், ஃபோம் துண்டு 2,600, பையாக்ஸியல் துணி 1,500, சிலிக்காவும் மைக்ரோபலூனும் 900, பிரைமர் பெயின்ட் 2,100. பிளேடு, டிஸ்க், எமரி 850, அசிட்டோன் 5 லிட்டர் 750, கையுறை முகமூடி 650, சீலன்டும் ஸ்டெயின்லெஸ் திருகும் 480, பார்சல் 350. ஆக 13,880 ரூபாய். ஊசி போட்டு வீணானது தனியாக 1,300. கூலி சேர்க்கவில்லை. காயவைத்த நாட்களை விட்டால் இரண்டு பேருக்கு 11 நாள் வேலை.

அடுத்த முறை இரண்டு விஷயம் மாறும். ஃபோமை அழுத்த மணல் மூட்டை வேண்டாம். 90 கிலோ மணல் அந்தப் பரப்பில் சதுர மீட்டருக்கு 300 கிலோதான். பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசரை உறிஞ்சும் பம்பாக மாற்றி, பாலிதீன் பையை மூடி பாதி வெற்றிடம் கிடைத்தாலே சதுர மீட்டருக்கு 5,000 கிலோ அழுத்தம், அதுவும் வளைவு முழுக்கச் சமமாக. அந்த 8 செ.மீ. மூலை வந்திருக்காது. இரண்டாவது, அலுமினியப் பட்டைக்குத் திருகே வேண்டாம். தேய்ந்தால் மாற்றிக்கொள்கிற மாதிரி பாலியூரித்தேன் பசையால் ஒட்டினால் போதும்.

மூன்று மாதம் கழித்து அதே ஐந்து ரூபாய் நாணயத்தால் 2 செ.மீ. இடைவெளியில் தட்டினோம். ஒட்டிய 120 × 76 முழுக்க ‘டக்’. ஆனால் பின்பலகைக்குக் கீழே, கயிறு கட்டும் வளையத்தின் போல்ட்டைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்கு ‘டொப்’ கேட்டது. அந்த போல்ட்டும் நேராக ஃபோமில்தான் இறங்கியிருக்கிறது. மார்க்கரால் வட்டம் போட்டு, பக்கத்தில் தேதி எழுதி, போல்ட்டைக் கழற்றி ஓட்டையைத் திறந்தே விட்டிருக்கிறோம், காய்வதற்கு.